தங்கவயல் சூடு, லண்டன் குளிர்

குளிர் ஊருக்குக் குடிவந்த நம்மாட்களுக்கு முதல் வருஷம் வருகிற சந்தேகங்களில் முக்கியமானது இது. ரேடியேட்டர் ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறதே, அதில் 1 முதல் 5 வரை நம்பர் போட்டிருக்கிறார்களே, அது எதற்கு? பெரும்பாலானோர் நம்ம ஊர் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். குளிர் தாங்கவில்லையா, 5-ல் வை, சீக்கிரம் சூடாகும். புழுங்குகிறதா, 1-க்கு இறக்கு. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்கூட உரிமையோடு திருகிவிட்டுப் போவார்கள்.

போன குளிர்காலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ரேடியேட்டர்களில் நேரம் குறித்து வைக்கக்கூடிய வயர்லெஸ் தெர்மோஸ்டாட் மாட்டினேன். அதிலிருந்து நாலைந்து நண்பர்கள் போன் போட்டு விவரம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பி.காம் படித்த பேங்க் ஆசாமி. இன்ஜினியர் பெருமக்கள் பொறுத்தருள்க. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் பிறந்தவனிடம் சூட்டைப் பற்றி எழுதச் சொன்னால் அவன் நேராக ரேடியேட்டரோடு நிற்க மாட்டான். பாதியில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவான். கூடவே நீங்களும் கொஞ்சம் இறங்கி ஏறத்தான் வேண்டும்.

முதலில் பழைய திருகைப் பார்ப்போம். சமையலறைப் பாய்லர் கேஸில் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதைக் குழாய் வழியே எல்லா அறைக்கும் அனுப்புகிறது. ரேடியேட்டர் வாயிலில் ஒரு வால்வு, அதற்குள் ஒரு சின்னக் குச்சி. குச்சி உள்ளே அமுங்கினால் வெந்நீர் நிற்கும், வெளியே வந்தால் ஓடும். அந்தத் திருகுக்குள் மெழுகோ திரவமோ அடைத்த ஒரு குப்பி இருக்கிறது. அறைக் காற்று சூடானால் அது விரிந்து குச்சியை அமுக்கும். ஆறினால் சுருங்கி விட்டுக்கொடுக்கும். கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. டென்மார்க்கில் டான்ஃபாஸ் கம்பெனியை நிறுவிய மாட்ஸ் கிளாசன் 1943-ல் கண்டுபிடித்த ஏற்பாடு.

ஆக, அந்த 1 முதல் 5 என்பது வேகம் இல்லை, அறை எந்தச் சூட்டுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும் என்ற அளவு. 3 என்றால் பெரும்பாலும் 20 டிகிரி பக்கம். அறை நடுங்கிக்கொண்டிருக்கும்போது 3-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் வால்வு முழுசாகத்தான் திறந்திருக்கும், ஒரே வேகத்தில்தான் சூடேறும். 3-ல் வைத்தது 20-ல் நிற்கும். 5-ல் வைத்தது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், நாம் ஜன்னலைத் திறப்போம். கேஸ் கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

வயர்லெஸ் சமாச்சாரம் இதே வேலையைத்தான் செய்கிறது. மெழுகுக் குப்பிக்குப் பதில் ஒரு குட்டி மோட்டார், ஒரு வெப்பமானி, இரண்டு பேட்டரி. பழைய தலையைக் கையால் திருகிக் கழற்றிவிட்டுப் புதுத் தலையை மாட்ட வேண்டியதுதான். வால்வு அப்படியே இருக்கும், தண்ணீரை வடிக்கத் தேவையில்லை, பிளம்பரும் வேண்டாம். மாட்டியதும் அது கர்ர்ர் என்று ஒரு சத்தம் போடும். குச்சி எவ்வளவு தூரம் போய் வருகிறது என்று அளந்து பார்த்துக்கொள்கிறதாம். பிறகு எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரி என்று அறைவாரியாகப் போட்டுவிடலாம். ஹாலில் ஒரு சின்னத் திரை. ஒவ்வொரு அறையும் கேட்ட சூடு எவ்வளவு, உள்ளபடி இருக்கிற சூடு எவ்வளவு என்று அதில் தெரியும். ஏதாவது ஒரு அறைக்குச் சூடு வேண்டுமென்றால் ரேடியோவில் பாய்லருக்குச் சொல்லும். யாருக்கும் வேண்டாமென்றால் பாய்லர் அணைந்துவிடும்.

இதில் நான் இறங்கியதற்கு முதல் காரணம் பில். இங்கே பிரிட்டனில், சராசரி வீடு ஒன்றுக்கு வருஷக் கேஸ், கரண்ட் செலவு 2021 ஏப்ரல் உச்சவரம்புக் கணக்குப்படி 1,138 பவுண்டு. 2022 அக்டோபரில் அரசாங்கம் தலையிட்டுக் கட்டுப்படுத்திய பிறகும் 2,500 பவுண்டு. அதற்கப்புறம் இறங்கியது என்றாலும் பழைய நிலைக்கு வரவில்லை. நாங்கள் இருப்பது நூறு வருஷத்துப் பழைய வீடு. பகலெல்லாம் ஆள் இல்லாத மாடி அறைகளுக்கும் சேர்த்துச் சூடு போட்டுக்கொண்டிருந்தோம். ஆள் இருக்கிற அறைக்கு, ஆள் இருக்கிற நேரத்துக்கு மட்டும் செலவு செய்வோம் என்று ஆரம்பித்தது. தங்கமணியும் உடனே சம்மதித்தார். (ஆச்சரியம்தான், தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.)

இரண்டாவது காரணம் அம்மா. அக்டோபர் கடைசியில் தங்கவயலிலிருந்து ஆறு மாச விசாவில் வந்தார்கள். வயது 74. மாடியில் பின்பக்க அறை அவர்களுக்கு. வீட்டிலேயே அதுதான் குளிரான அறை, இரண்டு பக்கம் வெளிச்சுவர். அதனால் அதற்கு மட்டும் பகலும் இரவும் 20 டிகிரி என்று போட்டு வைத்தேன்.

நவம்பரில் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து திரையைப் பார்த்தால் அம்மா அறை 14.5. கேட்ட சூடு என்ற இடத்தில் 5 என்று இருக்கிறது. 5 டிகிரி என்பது குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்க மட்டும். திரும்ப 20 வைத்தேன். மறுநாள் சாயந்திரம் பார்த்தால் மறுபடி 5. பேட்டரியா, சிக்னலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சின்னவன்தான் போட்டுக்கொடுத்தான்.. "பாட்டிதாம்ப்பா தினம் திருப்புறாங்க. கீழ வரும்போது சூட்டை அணைச்சிட்டுத்தான் வருவாங்க. நைட்டும் அணைச்சிடுவாங்க."

கேட்டால், "எனக்கு எதுக்குடா தனியா சூடு? ஸ்வெட்டர் இருக்குது, ரெண்டு கம்பளி இருக்குது. வந்த எடத்துல உங்களுக்குச் செலவு வைக்கணுமா? நம்ம ஊர்ல மார்கழிக்கு இந்தக் குளிர் இல்லியா?"

மார்கழி இரவில் தங்கவயலிலும் 15 டிகிரி பக்கம் இறங்கும், அதற்குக் கீழேயும் போகும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்ததற்கு அந்தக் குளிரும் ஒரு காரணம். ஆனால் அங்கே பத்து மணிக்கு வெயில் வந்து முற்றத்தில் உட்காரும். இங்கே வருகிற வெயிலை வைத்து ஒரு அப்பளம்கூடக் காயாது. ஐந்து மாசம் 14 டிகிரி அறையில் தூங்கி எழுவது இளவட்டத்துக்கே ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டியில், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும், வயசானவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் தேவைப்படலாம் என்கிறார்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சு சளி கட்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை.

இங்கேதான் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். தங்கவயலில் 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பித்து, 1956-ல் மைசூர் அரசாங்கம், 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று கை மாறி, 2001 பிப்ரவரி 28-ல் மூடியது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த அடியில் பாறையின் சூடே 65 டிகிரியைத் தாண்டும். தொட்டால் கை சுடும்.

காற்றை மேலிருந்து குளிரவைத்து அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். அதையும் செய்தார்கள். 1930களிலேயே தங்கவயலில் காற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் காற்று கீழே இறங்க இறங்க மேலே இருக்கிற காற்றின் எடையால் அழுந்தும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சூடாவது போல அதுவும் சூடாகும். உலர்ந்த காற்று 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி ஏறிவிடும். 3 கிலோமீட்டர் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அது போதாதென்று பாறையின் சூடு. தூசி பறக்காமல் இருக்க டிரில்லிங்கில் தண்ணீர் விடுவார்கள். அந்த ஈரத்தில் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. ஆள் சுருண்டு விழுவான்.

அங்கே டாக்டராக இருந்த கேப்லன் என்பவர், இப்படிச் சுருண்டு விழுந்த தொழிலாளிகளைப் பற்றி ஆராய்ந்து 1940களில் லண்டன் சுரங்கவியல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். சூடு ஏற ஏற வேலைத்திறன் எப்படிக் குறைகிறது என்றும் ஆய்வு நடந்தது. நல்ல காரியம்தான், அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு பேங்க்காரனாக யோசித்தால் எனக்கு ஒன்று உறுத்தும். எத்தனை டிகிரி வரை ஒரு மனுஷன் வேலை செய்வான் என்ற கணக்கு முழுக்க மேலே இருந்தவர்கள் போட்டது. கீழே நின்ற எங்கள் அப்பாவிடம் "உனக்கு எவ்வளவு இருந்தால் சௌகரியம்?" என்று கேட்டதில்லை. அவரும் கேட்டுப் பழகவில்லை. அவர் பெண்டாட்டியும் பழகவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பலரிடம் இந்தக் குணத்தைப் பார்க்கலாம். இருக்கிற சூட்டையும் குளிரையும் தாங்கிக்கொள்வது கௌரவம், வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது கூச்சம்.

சரி, அம்மா கதைக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஆயுதம் கணக்கு. பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். அந்த அறைக்கு ஒரு நாளைக்கு 6 யூனிட் சூடு. பாய்லரில் வீணாவதையும் சேர்த்தால் 6.7 யூனிட் கேஸ். யூனிட்டுக்கு 6 பென்ஸ் வைத்தால் 40 பென்ஸ். "பாத்தியாம்மா, ஒரு நாளைக்கு அரைப் பவுண்டுகூட ஆவல."

அம்மா ஒரு நிமிஷம் உதட்டை அசைத்தார்கள். "நாப்பத்தி நாலு ரூபாயா! அஞ்சு மாசத்துக்கு 6,600 ரூபா ஆவுதுடா. ஒரு ரூமுக்கு!"

பி.காம் தோற்றது. தையல் மிஷின் வைத்து, சீட்டுக் கட்டி, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவரிடம் போய்க் கணக்குச் சொல்லலாமா? உலக சுகாதார நிறுவனத்தையும் சாட்சிக்கு அழைத்தேன். "அவங்க நம்ம லைன் வீட்டுக்கு வந்து பாக்கலியே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இந்தத் தெர்மோஸ்டாட்டில் பூட்டும் வசதி இருக்கிறது. குழந்தைகள் திருப்பாமல் இருக்க வைத்தது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் 20 என்பது 20-லேயே நின்றுவிடும். "பேசாம பூட்டிடுங்க" என்றார் தங்கமணி. எனக்கு மனசு வரவில்லை. அம்மா இருக்கிற அறையின் சூட்டை அம்மா கைக்கு எட்டாமல் கீழே ஹாலிலிருந்து நான் முடிவு பண்ணுவதா? அப்பாவுக்கு நடந்ததுதானே அது, கொஞ்சம் அன்பு கலந்து.

டிசம்பரில் ஒரு ராத்திரி. குளித்துவிட்டு வந்த சின்னவனுக்குத் தலை துவட்டிக்கொண்டே அம்மா தானாகப் பேச ஆரம்பித்தார்கள். "இப்டித்தான் உங்க அப்பாவும். கீழ வெந்துட்டு மேல வந்தா மார்கழிக் குளிர்ல ஒடம்பு வெடவெடன்னு ஆடும். ஈர பனியனோட நடந்து வருவாரு. நான் அடுப்புல வெந்நி போட்டு ரெடியா வெச்சிருப்பேன். எனக்கு எதுக்குடி வெந்நி, வெறகு என்னா வெல விக்குதுன்னு தினமும் அதே பேச்சு. அவர் பேச்சைக் கேட்டா ஆவுமா? கேக்காம ஊத்திடுவேன்."

"அப்ப சரிம்மா. நானும் கேக்காம ஊத்தறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, "அப்படின்னா காலைல அஞ்சு மணிக்கு ஊத்து. அப்பதான் எனக்கு முட்டி புடிச்சிக்கும். பகல்ல கீழ உங்ககூடத்தான இருக்கேன், அப்ப எதுக்கு?" என்றார்கள்.

நான் வந்தபிறகு எங்கள் வீட்டில் இந்தக் கருவியிடம் இவ்வளவு தெளிவாக யாரும் வேலை சொன்னதில்லை. எத்தனை மணிக்கு எங்கே யாருக்கு வேண்டும் என்பதுதானே அதற்குத் தெரிய வேண்டியது! அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திரையில் போட்டோம். காலை 5 மணிக்கு 20. எட்டு மணிக்குக் கீழே வந்ததும் 18. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 19, தூங்கும்போது 18. அறைச் சூடு ஏற அரை மணி, முக்கால் மணி ஆகும் என்பதால் நாலே காலுக்கே ஆரம்பிக்க வைத்தோம். எழுந்து உட்காரும்போது கதகதப்பாக இருக்கும். சுரங்கத்துச் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து அப்பாவுக்குச் சோறு கட்டிய பழக்கம், சங்கு நின்று இத்தனை வருஷமாகியும் அந்த ஐந்து மணி மாறவில்லை. இப்போது அம்மா யாராவது வந்தால் "எங்க ரூம்ல பதினெட்டு" என்று சொல்கிறார்கள்.

கடைசியாக, போனில் கேட்ட நண்பர்களுக்கு நான் சொன்ன சில குறிப்புகள்:

1. ரேடியேட்டரைச் சோபாவாலோ திரைச்சீலையாலோ மறைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் அந்த இடுக்கின் சூட்டைப் பார்த்து அறை சூடாகிவிட்டது என்று மூடிவிடும், நீங்கள் நடுங்குவீர்கள்.

2. சுவர்த் தெர்மோஸ்டாட் இருக்கிற அறையில் ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டும் வேண்டாம். ஒன்று போதும் என்று மூடும், இன்னொன்று இன்னும் வேண்டும் என்று பாய்லரை ஓட்டும்.

3. ஜன்னல் திறந்தால் அறைச் சூடு சட்டென்று விழும். நிறைய மாடல்கள் அதைக் கவனித்துக் கொஞ்ச நேரம் வால்வை மூடிவிடும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

4. ஆள் இல்லாத அறையை முழுசாக அணைக்காதீர்கள், 15, 16-ல் விடுங்கள். நம் வீடுகளில் இட்லி ஆவி, சாம்பார் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி ஈரம் எல்லாம் போய்க் குளிர்ந்த சுவரில்தான் படியும். பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

5. கோடையில் வாரம் ஒருமுறை தெர்மோஸ்டாட் தானாகக் கர்ர்ர் என்று திறந்து மூடும். வால்வுக் குச்சி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். கோடை என்று பேட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள்.

6. ரேடியேட்டர் கீழே சுட்டு மேலே ஜில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சாவி போட்டு அந்தக் காற்றை விட்டுவிட்டுப் பிறகு தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லுங்கள்.

ஏழாவதாக ஒன்று. ஊரிலிருந்து அம்மா, அப்பா, மாமியார், மாமனார் யாராவது வந்து தங்கியிருந்தால் "குளிருதா?" என்று கேட்காதீர்கள். "இல்லப்பா, நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். இன்று ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு அவர்கள் அறையில் போய்ப் பத்து நிமிஷம் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் எத்தனை மணிக்கு முட்டி வலிக்கிறது, எத்தனை மணிக்கு எழுந்து கொள்கிறார்கள் என்று பேச்சுக் கொடுங்கள். நம்பர் தானாக வந்துவிடும்.